அடுத்த நவம்பரில் வாசலில் நிற்கப்போகிறவருக்கு

கையுறை இரண்டு ஜோடி எடுத்து வா.
ஒன்று நனையும்.
கடையின் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும்.
ஒவ்வொரு முறையும் கௌனஸ் நகரத்துக் குளிர்
உன் சட்டைக் கழுத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
ஆரஞ்சு மேலங்கிகள் எல்லாம் ஒரே அளவு.
எனக்கு முழங்கால்வரை தொங்கியது.
வைவா தன்னுடையதைத் துணி கிளிப்பால்
முதுகுப்பக்கம் சுருக்கிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
நான் சான்றிதழுக்காகத்தான் வந்தேன்.
பத்து மணி நேரம், ஒரு முத்திரை.
வெட்கப்பட ஒன்றுமில்லை, நீயும் அதற்காகவே வா.
கால்கள் எதற்காக வந்தன என்று
தள்ளுவண்டி விசாரிப்பதில்லை.

முதல் ஒரு மணி நேரம் யாரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள்.
எல்லோருக்கும் அந்த நொடியில்தான்
கைப்பேசியில் அவசரம் முளைக்கும்.
ரோமத் தொப்பிக்காரர் ஒருவர்
அரசாங்கம் என்னதான் செய்கிறது என்று என்னைக் கேட்டார்.
நான் ஒன்பதாம் வகுப்பு. தெரியாது என்றேன்.
திரும்பி வரும்போது ஒரு கிலோ சர்க்கரையை
வண்டிக்குள் தொப்பென்று போட்டுவிட்டுப் போனார்.
கோபத்தில் போட்ட சர்க்கரையும் இனிக்கும்.

'இல்லாதவர்களுக்காக ஏதாவது' என்ற வாக்கியம்
'இல்'லிலேயே நின்றுவிடும்.
பதினோராவது ஆளிடம்தான் எனக்கு முழுதாக வந்தது.
அந்த அம்மா இரண்டு பக்வீட் பொட்டலம் வைத்தார்.
ஒன்றின் மூலை கிழிந்திருந்தது.
நீல ஒட்டுநாடாவால் ஒட்டினேன்.

யாரோ ஒரு பூனை உணவு டின்னும் போட்டிருந்தார்கள்.
எடுத்துவிடலாம் என்றாள் வைவா.
பசித்த வீட்டுப் பூனைக்கு மட்டும் வயிறு இல்லையா
என்று எய்மாந்தாஸ் சண்டைக்கு வந்தான்.
வைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை, ஷிலைனியாய் பகுதி.
ஒன்பது மாடி, செத்துப்போன லிஃப்ட்.
பட்டியலில் பெயர்கள் கிடையாது, கதவு எண்கள் மட்டும்.
ஏழாவது மாடியில் மணி அடித்தேன்.
திறந்தது டொமாந்தாஸ்.

என் வகுப்பு. இரண்டு வரிசை பின்னால்.
புதன்கிழமை அதே கடை வாசலில்
என்னைப் பார்க்காமல் கடந்துபோனவன்.
அவனை மனசுக்குள் திட்டியிருந்தேன்.

பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில்.
மேலே நீல ஒட்டுநாடா.
பெரியவர்களிடம் என்ன சொல்லவேண்டும் என்று
சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.
காம்பஸ் கடன் வாங்கியவனிடம் என்ன சொல்வது?

அவன் பெட்டியை வாங்கி உள்ளே போனான்.
அலமாரி திறக்கும் சத்தம்.
பிஸ்கட் இருக்கா என்று ஒரு சின்னக் குரல்.
நான் ஏன் இன்னும் நிற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.
அவன் காலணி மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

'இன்னும் எத்தனை?'
'பதினான்கு. லிஃப்ட் வேற...'
'தெரியும். நான் இங்கேதானே இருக்கேன்.'

எந்த வீட்டு மணி அடிக்காது,
எந்த நாய் குரைப்பதோடு சரி,
எந்தக் கதவைத் தட்டிவிட்டு
ஊன்றுகோல் வந்து சேரும்வரை காத்திருக்கவேண்டும்,
எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.
பூனை டின் எங்கே போகவேண்டும் என்பதும்.
கடை வாசலில் நான் கேட்கப் பழகினேன்.
அவன் பின்னால் படியேறும்போது
கேட்கப் பழகினேன்.
இரண்டும் ஒரே சொல்தான், ஆனால்
இரண்டாவதற்கு வாயை மூடவேண்டியிருந்தது.

என் நேரத்தாளில், என் பெயருக்குக் கீழே
அவன் பெயரையும் எழுதினேன். நான்கு மணி நேரம்.
முத்திரை குத்துகிறவர் எதுவும் கேட்காமல் குத்தினார்.
திங்கட்கிழமை நாங்கள் இதைப்பற்றிப் பேசவில்லை.
இயற்பியல் தேர்வைப்பற்றிப் பேசினோம்.

இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன்.
எழுது, பெயரையும் போடு என்றான்,
ஆனால் கணக்குப் பாடத்தில் நான் மோசம் என்று எழுதாதே.
எழுதவில்லை.

அடுத்த நவம்பரில் பட்டியல் அவன் கையில் இருக்கும்.
உன் பெயரை அவனிடம் கொடு.
உன்னைப் பார்க்காமல் போகிறவர்களை
அவசரப்பட்டுத் திட்டாதே.
கையுறை, மறுபடி சொல்கிறேன்,
இரண்டு ஜோடி.